கட்டில் அண்ணன்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்த மேட்டில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய விடுதி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புக் கட்டடம். ஏரிக்கரையில் ரயில் போகும்போதெல்லாம் மாடி ஜன்னல்கள் கடகடவென்று ஆடும். புதிதாக வந்தவன் எழுந்து உட்காருவான். பழையவன் புரண்டு படுப்பான். நானும் திருநாவுக்கரசும் அங்கே சேர்ந்தது தொண்ணூற்றிரண்டில்.

விடுதிக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. யார் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் இலை போட்டுவிடுவார்கள். மார்ச் மாதம் வரும் விடுதி நாளன்று இறுதியாண்டுப் பையன்கள்தான் பந்தி பரிமாறுவார்கள். எல்லாவற்றிலும் பெரிய வழக்கம் கட்டில் உறவு. கீழ்த்தளம் முதலாண்டுக்காரர்களுக்கு. அந்த ஆண்டு முடிந்து மாடிக்குப் போகிறவன், தன் இரும்புக் கட்டிலையும் வாளியையும் புதிதாக வருகிறவனிடம் ஒப்படைப்பான். அன்றிலிருந்து அவன் இவனுக்குக் கட்டில் அண்ணன். ஊர், சாதி, பாடம் எதுவும் பேச்சில்லை. கட்டிலில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்தான் உறவு. காய்ச்சல் வந்தால் தம்பிக்குக் கஞ்சி வாங்கி வருவது அண்ணன் பொறுப்பு. தம்பி ஊர் ஞாபகத்தில் அழுதால் டீக்கடைக்குக் கூட்டிப்போவதும் அவன் பொறுப்புதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவோம். முன்பெல்லாம் மாமல்லபுரம் போவார்களாம். கூட்டம் அதிகமானதும் கடப்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் கடல் ஞாயிறு என்று பெயர். தர்மபுரி, சேலம் பக்கத்துப் பையன்கள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பார்கள். முதல் அலையில் இறங்கும்போது கட்டில் அண்ணன்தான் தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருநாவுக்கரசு கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவன். அவன் அப்பா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தார். கடல் அவனுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. முதலாண்டில் என்னைப் பயமில்லாமல் அலைக்குள் இழுத்துப்போனது அவன்தான்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் மாடிக்குப் போனோம். திருநாவுக்கரசின் பதினேழாம் எண் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவன் ஜெபக்குமார்.

வேடந்தாங்கல் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி அவன் ஊர். அப்பா ஏசுபாதம் செங்கல் சூளையில் வேலை. அம்மா ரெபேக்காள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயா. அதற்கு முந்தைய தலைமுறை வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். ஒல்லியாக இருப்பான். முன்பல் ஒன்று கோணல். அதனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். இரண்டே சட்டைதான் வைத்திருந்தான். நீலக்கட்டம் போட்ட சட்டை நல்ல நாட்களுக்கு. சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று வெட்கப்பட்டுச் சொன்னான். திருநாவுக்கரசு என் சைக்கிளை வாங்கிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தான். கோரைக்குள் விழுந்து சேறும் சிரிப்புமாக இருவரும் திரும்பி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. சொந்தத் தம்பியைக்கூட ஒருவன் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான்.

அடுத்த ஜனவரி கடல் ஞாயிறன்று காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஜெபக்குமார் நீலக்கட்டச் சட்டையோடே தண்ணீரில் இறங்கினான். திருநாவுக்கரசு கையை விடவில்லை. மதியம் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு நானும் அவனும் இன்னும் சிலரும் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரில் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். முதலாண்டுக்காரர்கள் பாத்திரம் கழுவுவது முறை. சோற்றுக் குண்டானின் மூடியை எடுத்துக்கொண்டு ஜெபக்குமார் கழிமுகத்துப் பக்கம் போயிருக்கிறான். அங்கே தண்ணீர் மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும். மூடி கையிலிருந்து நழுவியிருக்கிறது. எட்டிப் பிடிக்கப் போயிருக்கிறான்.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது மூடி எதிர்க்கரை மணலில் ஒதுங்கிக் கிடந்தது. திருநாவுக்கரசு குதித்தான். முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். கடப்பாக்கத்து மீனவர்கள் படகு கொண்டுவந்து முதலில் அவனைத்தான் இழுத்துப் போட்டார்கள். ஜெபக்குமாரைச் சாயங்காலம் கண்டெடுத்தார்கள்.

அடக்கத்துக்கு விடுதியே போயிருந்தது. கல்லறையில் மண் தள்ளி முடித்ததும் ரெபேக்காள் எங்கள் பக்கம் வந்து, இதில் கட்டில் அண்ணன் யார் என்று கேட்டாள். மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான். திருநாவுக்கரசு முன்னால் போய் நின்றான். அடிப்பாள் என்று நினைத்ததாகவும், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் பின்னாளில் என்னிடம் சொன்னான். அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். 

வார்டன் பார்த்தசாரதி கடல் ஞாயிறை அதோடு நிறுத்திவிட்டார். ஜெபக்குமாரின் டிரங்குப் பெட்டியை எடுத்துப்போகச் சொல்லி ஊருக்கு ஆள் அனுப்பினார். ஏசுபாதம் வர மறுத்துவிட்டார். ரெபேக்காள் மட்டும் பஸ் ஏறி வந்தாள். அவள் வந்து சேர்ந்த நாள் விடுதி நாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஆண்டு மைக், நாடகம் எதுவும் இல்லை, சாப்பாடு மட்டும்தான். சாப்பாட்டு நேரம் என்பதால் வழக்கப்படி அவளுக்கும் இலை போட்டோம். அவள் உட்காரவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்தாள். ஜெபா எங்கே உட்காருவான் என்று கேட்டாள். காட்டினோம். பிறகு பரிமாறிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து தொடங்கி எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டே போனாள்.  நடுவில் ஒரு பையன் விம்மினான். அவனுக்கு இன்னொரு கரண்டி வைத்துவிட்டு அவள் நகர்ந்தாள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவள் வேலை செய்த சத்துணவுக் கூடத்தில், அவள் கை பட்ட சோற்றைச் சாப்பிடக் கூடாது என்று ஊர்த்தெருவில் சில வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவளை அடுப்பு மூட்டவும் பாத்திரம் தேய்க்கவும் மட்டுமே விட்டார்கள். எங்கள் விடுதியில் அன்று அத்தனை பேரும் அவள் கையால் சாப்பிட்டோம். அடுத்த வருடமும் வரச் சொல்லி அவளைக் கேட்டோம். அவள் வந்தாள்.

அதன்பிறகு அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. விடுதி நாளன்று முதல் கரண்டி சோறு ரெபேக்காள் அம்மா கையால். நாங்கள் படிப்பை முடித்துக் கலைந்தோம். எனக்கு விழுப்புரத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. திருநாவுக்கரசு கல்பாக்கத்திலேயே வேலையில் சேர்ந்து, சகுந்தலாவைக் கட்டிக்கொண்டு, குடியிருப்பில் வீடும் வாங்கிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் அரைநாள் விடுப்புப் போட்டு ஸ்கூட்டரில் விடுதிக்குப் போவான். பந்தி முடிந்ததும் அவளைப் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு வருவான். அவன் அங்கே சாப்பிடுவதில்லை. தூண் ஓரமாக நின்றுகொண்டிருப்பான். அவளும் அவனை தம்பி என்று கூப்பிடுவாளே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

வருடங்கள் போகப் போகப் பையன்களுக்குக் காரணம் மறந்தது. அவளை ஹாஸ்டல் அம்மா என்றார்கள். இரண்டாயிரமாவது ஆண்டு மைக்கில் ஒருவன் அவளை விடுதியின் முன்னாள் சமையல் பணியாளர் என்று அறிவித்தான். திருநாவுக்கரசு திருத்தப் போனபோது அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அந்த வருடம்தான் ஏசுபாதம் இறந்துபோனார். மகன் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று ஆறு வருடம் சொல்லிச் சொல்லியே இறந்தார். மகள் ஜெனிட்டா தாம்பரத்தில் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். அண்ணன் பேச்சு வந்தாலே அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போவாள். அப்பா வளர்த்த பெண். பாஸ்டர் வந்தால், பையன் கர்த்தரிடத்தில் இளைப்பாறுகிறான் என்று சொல்லி ஜெபித்துவிட்டுப் போவார். அதற்குமேல் பேச அவரிடமும் ஒன்றுமில்லை.

விடுதியில் மட்டும் ஜெபக்குமார் பேர் வேறு விதமாக உயிரோடு இருந்தது. பதினேழாம் எண் கட்டிலுக்கு அடுத்த வருடம் வந்தவனுக்குக் கட்டில் அண்ணன் இல்லை. தன் கட்டில் அண்ணன் யாரென்று அவன் கேட்டபோது எவனோ ஒருவன், உன் அண்ணன் கடலில் இருக்கிறான் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். அப்படித் தொடங்கிய பேச்சு வருடத்துக்கு வருடம் வளர்ந்து பேய்க்கதையாகிவிட்டது. எங்களில் யாருக்கும் அது தெரியாது.

இரண்டாயிரத்து மூன்று விடுதி நாளன்று ரெபேக்காள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். பந்திக்கு நேரமிருந்தது. கீழ்த்தள வராந்தாவில் நடந்தபோது ஓர் அறையில் ஒரு பையன் போர்த்திக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தாள். பரணிதரன் என்று பெயர், உத்திரமேரூர்ப் பக்கம். முதலாண்டு. அன்று நடந்ததை அவனே பின்னால் திருநாவுக்கரசிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் உள்ளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். சமையல்கட்டிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். ஏன் இப்படி முகம் வாடியிருக்கிறது என்று கேட்டதற்கு அவன், தூக்கமே இல்லை, இந்தக் கட்டில் ராசியில்லாதது என்றான்.

"கட்டிலுக்கு இன்னாபா?"

"இதுல ஒருத்தன் கீறாம்மா. ஜெபான்னு பேரு. கடல்ல பூட்டவன். பொழுது சாஞ்சா வந்துடுவானாம். நான் ஆளைப் பார்க்கல. ஈரக் காலடி பார்த்தேன். குழாயாண்டேந்து இங்க வரைக்கும்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். சீனியர்களிடம் கேட்டதோடு தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். தலைமாட்டில் வந்து நிற்பானாம். தண்ணீர் சொட்டுமாம். அண்ணா கை குடு, அண்ணா கை குடு என்று கேட்பானாம்.

"எப்பிடி கீறானாம்? இளைச்சிப் பூட்டானா?" என்று அவள் கேட்டாள்.

"அதெல்லாம் தெரியலமா. வெள்ளைச் சட்டை போட்டிருப்பானாம்."

"வெள்ளை இல்லபா. நீலக்கட்டம்."

இந்த அம்மாவுக்கும் கதை தெரிந்திருக்கிறது என்றுதான் பரணிதரன் நினைத்தான். வேறு ஏதாவது சொல்வானா, வீட்டைப் பற்றிக் கேட்பானா என்று அவள் மேலும் மேலும் விசாரித்தாள். அவன் சளைக்காமல் பதில் சொன்னான். கடைசியில் போர்வையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டு, அவள் பந்திக்கு எழுந்து போனாள்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதைத் திருநாவுக்கரசிடம் சொன்னாள். பல வருடத்துக்கு அப்புறம் அவள் குரலில் ஒரு தெம்பு இருந்தது என்றான் அவன்.

"நம்ம புள்ள அங்கதான் கீதாம் தம்பி. உன் கையைத்தான் கேட்டுகினு கீதாம்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஊரிலிருந்து வந்த சேதியைச் சொல்வதுபோல் சொன்னாள். அவனால் வண்டியை ஓட்ட முடியவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, பிளக்கில் ஏதோ கோளாறு என்று குனிந்துகொண்டான்.

அடுத்த வாரமே அவன் விடுதிக்குப் போனான். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஜெபக்குமார் யார், எப்படி இறந்தான், வருடா வருடம் உங்களுக்குச் சோறு போடுகிற அந்த அம்மா யார் என்று சொன்னான். நீங்கள் பேயென்று பேசுகிறவனின் அம்மாவிடமே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள் என்றான். பையன்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பரணிதரன் எழுந்து வெளியே போய்விட்டான். கெட்ட பிள்ளைகள் இல்லை அவர்கள். தாங்களாகவே கூடிப் பேசி, இனிமேல் அந்தக் கதையை யாரும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். புதிதாக வந்திருந்த வார்டன் பதினேழாம் எண் கட்டிலை அறையிலிருந்து எடுத்துப் போடச் சொன்னார். பழைய குரூப் போட்டோவிலிருந்து ஜெபக்குமார் முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

மறு வருடம் அவளை மேடையில் ஏற்றி, மகனின் பேரைச் சொல்லி, பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு தப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள். அவள் கும்பிட்டுவிட்டு இறங்கி, முதல் வேலையாகப் பரணிதரனைத் தேடிப் போனாள். அவன் இப்போது மாடியில் இருந்தான். ரகசியமாகக் கேட்பதுபோல், இப்பவும் வருகிறானா என்று கேட்டாள். அவன் அவள் காலைத் தொடக் குனிந்தான். எல்லாம் சும்மா சொன்ன கதை, காலடி பார்த்ததாகச் சொன்னதுகூடப் பொய், மன்னிச்சிடுங்கம்மா, இனி யாருமே அப்படிப் பேச மாட்டோம் என்றான்.

அவள் கீழே வந்து அந்த அறையை எட்டிப் பார்த்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அன்று அவள் பரிமாறினாள். ஆனால் பாதிப் பந்தியிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டாள். பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் திருநாவுக்கரசைப் பார்த்துப் பேசினாள்.

"ஏன் தம்பி போய்ச் சொன்னே?"

அவர்கள் கேவலமாகப் பேசினார்கள், அவனைப் பேய் என்றார்கள், அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது என்றான் அவன்.

"என் வூட்டுல அவன் பேரை யாரும் எடுக்க மாட்டாங்க. அங்க எதுனா ஒரு புள்ள தெனைக்கும் அவன் பேரைச் சொல்லிகினு இருந்திச்சி. பேயோ இன்னாவோ, வந்துகினுதானே இருந்தான். இப்ப படத்துல மாட்டிட்டீங்க."

பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் ஜன்னல் வழியாகத் தலையசைப்பவள் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அன்று ராத்திரியே போன் வந்தது. நான் நல்லதுதானேடா செய்தேன் என்று கேட்டான். நல்லதுதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த வருடம் முழுக்க அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கப் போகும் தைரியம் இல்லை. டிசம்பரில் சுனாமி வந்தது. கல்பாக்கம் குடியிருப்புக்குள் கடல் புகுந்து பல பேரைக் கொண்டுபோயிற்று. திருநாவுக்கரசின் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் அவன் குடும்பம் தப்பியது. அவன் அக்கம்பக்கத்துப் பிணங்களைத் தூக்கப் போனான். ஓரிரு நாள் கழித்து, ஒரு வயதான அம்மா வாசலில் வந்து நிற்பதாகச் சகுந்தலா ஆள் அனுப்பினாள். ரெபேக்காள். பாதி வழிக்குப் பஸ் இல்லை, நடந்தே வந்திருக்கிறாள். மகன் போனதற்கு அப்புறம் கடற்கரைப் பக்கமே வராதவள். காலெல்லாம் புழுதி. அவன் சேறு படிந்த சட்டையோடு ஓடிவந்ததைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னையும் எட்த்துகினு பூடுச்சோன்னு நெனைச்சேன்" என்றாள்.

சகுந்தலா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். அன்று முழுக்க அவள் அங்கேதான் இருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பின், அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்துகொண்டு அவனிடம் கேட்டாள். "அந்தப் புள்ளைங்கதான் பேச மாட்டேன்டுச்சிங்க. நீயாச்சும் அவனப் பத்தி எதுனா பேசேன்."

அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லத் தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அது வேண்டாம், அது எனக்குத் தெரியும், மற்றதைச் சொல் என்றாள். அவன் சைக்கிளைச் சொன்னான். கோரைக்குள் விழுந்ததைச் சொன்னான். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். ஜெபாவின் அந்த வழக்கம் கோணல் பல்லால் வந்ததல்ல, அம்மாவிடமிருந்து வந்தது என்று திருநாவுக்கரசுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் பழைய விடுதியை மூடிவிட்டார்கள். கூரை விழும் நிலையில் இருப்பதாகப் பொறியாளர்கள் எழுதிக்கொடுத்தார்கள். பொத்தேரியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் புதிய விடுதி கட்டியிருந்தார்கள். ராகிங் தடுப்பு விதி வந்துவிட்டதால் முதலாண்டுப் பையன்களுக்குத் தனிக் கட்டடம், தனி வாசல், தனிச் சாப்பாட்டுக் கூடம். மாடிக்காரன் கீழ்க்காரனைப் பார்க்கவே முடியாது. கட்டில் அண்ணன் என்ற சொல் அந்த வருடத்தோடு போயிற்று. விடுதி நாளுக்குப் பாட்டுக் கச்சேரியும் ஓட்டல் சாப்பாடும் ஏற்பாடு செய்தார்கள். ரெபேக்காளை யாரும் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கூப்பிட வேண்டும் என்று தெரிந்த சிலரிடம் அங்கே எந்தப் பொறுப்பும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துப் போட்டோ இடமாற்றத்தில் எங்கே போனதென்று பரணிதரனுக்கும் தெரியவில்லை.

திருநாவுக்கரசு மாதம் ஒருமுறை காலனிக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் ஜெபக்குமாரைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வருவான். ஆனால் அவன் அந்தப் பையனோடு பழகியதே ஒரு மழைக்காலமும் கொஞ்சமும்தான். சொல்ல இருந்தது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அப்புறம் எங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தான். கோயம்புத்தூரில் ஒருவன், ஓசூரில் ஒருவன், துபாயில் ஒருவன். ஜெபாவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது, எதுவானாலும் சொல் என்று கேட்பான். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெஸ்ஸில் அப்பளத்தை நொறுக்காமல் முழுசாக வைத்திருந்து கடைசியில் தின்பான் என்பது. வேதியியல் ஆசிரியர் பேரைத் தப்பாக உச்சரித்து வகுப்பே சிரித்தது. குளிரில் இரண்டு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தது. சிலர் சொன்னது வேறு பையனைப் பற்றியது என்று அவனுக்கே தெரியும். அதையும் கொண்டுபோய்ச் சொன்னான்.

ஒரு கட்டத்தில் எங்களிடமும் தீர்ந்துவிட்டது. அந்த மாதம் வெறுங்கையோடு போக மனமில்லாமல் வழியில் தானே ஒன்றைக் கட்டினான். மழை நாளில் விடுதிக்குள் வந்துவிட்ட ஒரு நாய்க்குட்டியை ஜெபா கட்டிலுக்கு அடியில் ஒளித்து வளர்த்தான் என்று சொன்னான். வார்டன் வரும்போதெல்லாம் அது குரைக்காமல் இருக்க என்ன பாடுபட்டான் என்று விவரமாகச் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள்.

"நாயின்னா அவனுக்கு ஆவாது தம்பி" என்றாள். "சின்னதுல கடிச்சிட்சி."

 பிறகு அவளே கேட்டாள். "அப்பறம் அந்தக் குட்டி இன்னா ஆச்சி?"

அவன் மீதியையும் சொன்னான்.

இரண்டாயிரத்து ஒன்பது மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஜெனிட்டா லீவு போட்டு வந்து கூட இருந்தாள். திருநாவுக்கரசு போய்ப் பார்த்தபோது அவளால் பேச முடியவில்லை. அடுத்த நாள் இறந்துவிட்டாள். மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். நானும் போயிருந்தேன். பரணிதரன் வந்திருந்தான், வேலையில் சேர்ந்து ஆளே மாறியிருந்தான். பழைய விடுதிக்காரர்கள் என்று அங்கே நின்றது நாங்கள் மூன்று பேர்தான்.

மாதம் ஒன்று போயிருக்கும். விழுப்புரம் ஸ்டேஷனில் என் மனைவியையும் பெண்ணையும் ரயிலேற்றிவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அத்தனை வருடம் திருநாவுக்கரசு கேட்டபோது வராதது. என் அப்பா விடுதிக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாள், அவரை ஏற்றிவிட ஜெபாவும் என்னோடு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தான். அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஏறியவன் இறங்கவே இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது. நான் பதறிப்போய் நின்றேன். சாயங்காலம் தண்டவாளத்தை ஒட்டியே ஏரியைச் சுற்றி நடந்து பரனூரிலிருந்து திரும்பி வந்தான். ஏன்டா இறங்கவில்லை என்று திட்டினேன். இறங்கியிருக்கலாம், ஆனால் நான் ரயிலில் ஏறியதே இல்லையே என்றான்.

அங்கிருந்தே திருநாவுக்கரசுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.  இனி இதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்றான் கடைசியில்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவன் ஜெனிட்டாவைக் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் என்றதும் அவள், டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவன் அதை அதோடு விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னாளாம். பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டதாம். என்னவோ சொல்ல வந்தீர்களே அண்ணா என்று கேட்டாளாம்.